முடி கொட்டுதுன்னு போட்ட மாத்திரை தைராய்டு ரிப்போர்ட்டை மாற்றிய கதை

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்துகிறேன். 14 வருஷமாக, ரத்தத்தில் ஹார்மோன் மாதிரியானவற்றை அளக்கிற எலைசா பரிசோதனையைக் கரும்பலகையில் வரைந்து காட்டிக்கொண்டிருக்கிறவள். அப்படிப்பட்ட நானே, இல்லாத தைராய்டு நோய்க்கு நாலு மாதம் மருந்து சாப்பிட்டேன். கோபத்தைவிட வெட்கம்தான் அதிகம். முன்னாலேயே யாராவது ஒருத்தர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அத்தனை அலைச்சலும் மிச்சம். அதனால்தான் ரிப்போர்ட்டுகளையும் பில்லுகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிசையாக எழுதுகிறேன்.

நவம்பர் மழையில் வந்த காய்ச்சல் பத்து நாள் படுக்கையில் போட்டது. பிப்ரவரியில் தலை குளித்தால் கை நிறைய முடி. போர் தண்ணி சரியில்லை என்றார்கள், ஆற்றுத் தண்ணி பிடித்துக் குளித்தும் பார்த்தேன். கடுமையான காய்ச்சல் வந்து இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்தாகக் கொட்டுவது வழக்கம்தான், ஆறு மாதத்துக்குள் பெரும்பாலும் அதுவாகவே நின்று திரும்ப முளைக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது. மெடிக்கல் அண்ணாச்சி ஒரு அட்டை மாத்திரை கொடுத்தார்: பயோட்டின் என்கிற பி வைட்டமின், 10 மில்லிகிராம். நாத்தனார் மகள் தன் பங்குக்கு மிட்டாய் மாதிரி மெல்லுகிற கம்மி டப்பா ஒன்றை வாங்கித் தந்தாள், ஒன்றில் 5 மில்லிகிராம். காலையில் டிபன் முடிந்ததும் மாத்திரை ஒன்று, கம்மி இரண்டு. மொத்தம் 20 மில்லிகிராம். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குத் தேவை சுமார் 30 மைக்ரோகிராம்தான். நான் சாப்பிட்டது அதைப்போல 650 மடங்குக்கும் மேல். தண்ணீரில் கரையும் வைட்டமின், மிஞ்சினால் சிறுநீரில் போய்விடும் என்ற தைரியம். உடம்பைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு சரிதான். ரத்தம் போய்ச் சேருகிற மெஷினை நான் கணக்கில் எடுக்கவே இல்லை.

மார்ச்சில் முடி கொட்டுவதற்காகவே டாக்டரிடம் போனேன். தைராய்டு பார்த்துவிடலாம் என்றார். நியாயமான பேச்சுதான். எட்டரைக்குச் சாப்பிட்டு மாத்திரை போட்டு, பத்து மணிக்கு வண்ணார்பேட்டையில் ரத்தம் கொடுத்தேன். இந்த நேரக்கணக்கை மனதில் வையுங்கள். பயோட்டின் விழுங்கி ஒன்றிரண்டு மணி நேரத்தில்தான் ரத்தத்தில் அதன் அளவு உச்சத்துக்குப் போகும். டிஎஸ்எச் என்பது தைராய்டை வேலை வாங்க மூளையடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி அனுப்புகிற ஹார்மோன், எஃப்டி4 என்பது தைராய்டே சுரக்கிற ஹார்மோன். தைராய்டு கூடினால் எஃப்டி4 ஏறும், டிஎஸ்எச் இறங்கும். ரிப்போர்ட்: டிஎஸ்எச் 0.19 (இருக்க வேண்டியது 0.27 முதல் 4.2), எஃப்டி4 2.4 (0.93 முதல் 1.7). அதாவது தைராய்டு மிதமிஞ்சி வேலை செய்கிறது என்று அர்த்தம். டாக்டர் அவசரப்படவில்லை, வேறு லேபில் ஒருதரம் பார்க்கச் சொன்னார். அங்கே 0.21, 2.3. இரண்டும் ஒத்துப்போனதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அடுத்து, தைராய்டில் டிஎஸ்எச் வந்து ஒட்டுகிற இடமான ஏற்பிக்கு எதிராக உடம்பே உண்டாக்குகிற ஆன்டிபாடி என்ற புரதத்துக்கான பரிசோதனை, 3,600 ரூபாய். 1.75-ஐத் தாண்டினால் பாசிட்டிவ், எனக்கு 4.1. மூன்றும் சேர்ந்தால், அந்த ஆன்டிபாடி தைராய்டைத் தூண்டிவிட்டு மிதமிஞ்சி வேலை செய்ய வைக்கிற கிரேவ்ஸ் நோய் என்றுதான் எந்தப் புத்தகமும் சொல்லும். என் மாணவிகளிடம் கேள்வித்தாளில் இந்த மூன்று எண்ணையும் கொடுத்து நோயின் பெயர் கேட்டிருந்தால் நானே அந்தப் பதிலுக்கு முழு மதிப்பெண் போட்டிருப்பேன். தைராய்டை அடக்குகிற கார்பிமசோல் மாத்திரை தினம் 20 மில்லிகிராம் தொடங்கியது.

இங்கே ஒன்று. "வேற மாத்திரை எதுவும் சாப்பிடுறீங்களா?" என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றேன். பொய் சொல்லவில்லை, முடிக்குப் போடுவதை நான் மாத்திரைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. ஆகவே முதல் பாடம் இதுதான்: டாக்டரிடம் போகும்போது வாயால் சொல்வதை நம்பாமல், வீட்டில் இருக்கிற அட்டை, டப்பா, கம்மி, பவுடர் எல்லாவற்றையும் பின்பக்கம் எழுதியிருக்கிற எழுத்து தெரிய போட்டோ எடுத்துக் கொண்டுபோங்கள். பயோட்டின் என்ற பேரிலேயே இருக்க வேண்டும் என்றில்லை. வைட்டமின் பி7, வைட்டமின் எச், டி-பயோட்டின் என்று எழுதியிருக்கும். முடி, தோல், நகம் என்று படம் போட்டு விற்கும் எதிலும் இருக்கலாம். மில்லிகிராமா மைக்ரோகிராமா என்று உற்றுப் பாருங்கள். 10,000 மைக்ரோகிராம் என்பதும் 10 மில்லிகிராம்தான். சாதாரண பி காம்ப்ளெக்ஸில் பெரும்பாலும் மைக்ரோகிராம் கணக்கில்தான் இருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம்.

கார்பிமசோல் தொடங்கி ஆறு வாரத்தில் டிஎஸ்எச் 0.34, எஃப்டி4 2.0. மருந்து கேட்கிறது, ஆனால் போதவில்லை என்று 30 மில்லிகிராம் ஆக்கினார். நடுவில் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்து மெடிக்கலில் சொல்லி மாத்திரை வாங்கிப் போட்டேன். கார்பிமசோல் சாப்பிடுகிறவர்களுக்கு, அதிலும் முதல் மூன்று மாதத்தில், அபூர்வமாக ரத்த வெள்ளையணுக்கள் திடீரென்று விழுந்துவிடும். தொண்டை வலியோ காய்ச்சலோ வந்தால் அன்றைக்கே டாக்டருக்குச் சொல்லி ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது வெறும் அதிர்ஷ்டம்.

ஜூன் மாதம் உடம்பு வேறு மாதிரி ஆனது. இரண்டாவது மாடி வகுப்புக்கு ஏற நடுவில் நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. நெல்லை வெயிலில் எல்லோரும் விசிறிக்கொண்டிருக்க, எனக்கு ஃபேன் காற்று குளிர்ந்தது. நாலு கிலோ ஏறியது. நாடித்துடிப்பு 56. முடி இன்னும் அதிகமாகக் கொட்டியது. அதனால் ஒரு நாளும் தவறாமல் கம்மியைத் தின்றேன்! இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. நல்ல தைராய்டை மருந்து கொடுத்து அடக்கியதால் முடி கொட்டியது, முடி கொட்டியதால் பயோட்டின், பயோட்டினால் ரிப்போர்ட்டில் தைராய்டு கூடுதல், கூடுதலாக இருப்பதால் இன்னும் மருந்து. செக்கு மாடு மாதிரி நாலு மாதம் சுற்றினேன்.

ஆனித் தேர் முடிந்த கையோடு அம்பாசமுத்திரத்தில் அம்மா வீட்டுக்குப் போனேன். மாத்திரைப் பையில் கார்பிமசோல் இருந்தது, பயோட்டின் அட்டையும் கம்மி டப்பாவும் வீட்டிலேயே தங்கிவிட்டன. நாலாம் நாள் எழுந்திருக்கவே முடியவில்லை. அம்மா பயந்துபோய் அங்கேயே ஒரு சின்ன லேபில் ரத்தம் கொடுக்க வைத்தாள். டிஎஸ்எச் 41, எஃப்டி4 0.6. எண் தலைகீழ். டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால், "லேப் தப்பு, இங்க வந்து மறுபடி பாருங்க" என்றார். ஊருக்கு வந்தேன், வழக்கம்போல மாத்திரை, கம்மி, டிபன், ரத்தம். டிஎஸ்எச் 3.8, எஃப்டி4 1.9. அந்தச் சின்ன லேபைத்தான் எல்லோரும் திட்டினோம். அத்தனை ரிப்போர்ட்டிலும் அது ஒன்றுதான் உண்மை.

இந்தக் கடைசி ரிப்போர்ட் இன்னொரு வம்பைக் கூட்டி வந்தது. எஃப்டி4 அதிகமாக இருக்கும்போது டிஎஸ்எச் அடங்கிப் போயிருக்க வேண்டும். அடங்காமல் 3.8 காட்டினால், டிஎஸ்எச் சுரக்கிற பிட்யூட்டரி சுரப்பியிலேயே கட்டி இருக்கலாம் என்று யோசிப்பதும் புத்தக வழிதான். எம்ஆர்ஐ, 7,500 ரூபாய். அந்தக் குழாய்க்குள் படுத்திருந்த முக்கால் மணி நேரமும், பத்தாவது படிக்கிற மகனை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கட்டி இல்லை.

முடிச்சை அவிழ்த்தது என்னுடைய பழைய மாணவி. வேறு ஊரில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் இருக்கிறாள். எல்லா ரிப்போர்ட்டையும் அனுப்பி, உனக்கு ஏதாவது புரிகிறதா என்று கேட்டேன். அரைமணி நேரத்தில் போன். "மேம், கொலஸ்ட்ரால் 178-ல இருந்து 254 ஆயிருக்கே, பாத்தியளா? நாடி 56ங்கிய. தைராய்டு கூடுனா கொலஸ்ட்ரால் குறையணும்லா, நாடி ஓடணும்லா? இது எல்லாமே குறைஞ்ச தைராய்டு கணக்கால்ல இருக்கு." பிறகு கொஞ்சம் தயங்கி, "முடிக்கு ஏதும் போடுதியளா மேம்?" என்றாள். அந்த நிமிஷத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆன்டிபாடியை வைத்து அளக்கிற இந்த இம்யூனோ அஸ்ஸே பரிசோதனைகளை அவளுக்கு நடத்தினதே நான்தான்.

என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். ஸ்ட்ரெப்டாவிடின் என்று ஒரு புரதம், மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து எடுப்பது. ஒரு மூலக்கூறில் நாலு குழி, ஒவ்வொரு குழியிலும் ஒரு பயோட்டின் போய் உட்காரும். உட்கார்ந்தால் எளிதில் எழுந்திருக்காது. வேதிப்பிணைப்பு இல்லாமல் இயற்கையில் இவ்வளவு இறுக்கமாக ஒட்டும் ஜோடி மிகக் குறைவு. இதனாலேயே ஆராய்ச்சிக்கூடங்களில் எதையாவது பிடித்து இழுக்க வேண்டுமென்றால் பயோட்டின் வாலை ஒட்டிவிட்டு ஸ்ட்ரெப்டாவிடினால் இழுப்பார்கள். முட்டை வெள்ளைக்கருவிலும் ஸ்ட்ரெப்டாவிடினின் உறவுக்காரன் அவிடின் உண்டு. நம் ஊரில் பெண் குழந்தை சடங்கானால் பச்சை முட்டை கொடுப்பார்களே, அந்த வெள்ளைக்கரு பயோட்டினைக் கட்டிப்போட்டுவிடும். நாலைந்து நாள் கொடுப்பதால் ஒன்றும் ஆகாது, வேகவைத்தால் அவிடின் செத்துவிடும். இது சும்மா இடைச்செருகல்.

லேப் மெஷினுக்கு வருவோம். புதிய பஸ் ஸ்டாண்டில் அம்பை பஸ் வந்து நிற்கும்போது ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிப்பார்கள் இல்லையா, அதேதான். மெஷினில் இருக்கிற நுண்ணிய காந்த மணிகளின் மேல் ஸ்ட்ரெப்டாவிடின் பூசியிருக்கும், அவைதான் சீட். டிஎஸ்எச்சைப் பிடிக்கிற ஆன்டிபாடியின் தோளில் பயோட்டின் துண்டு. அந்த ஆன்டிபாடி ஒருபக்கமும், ஒளி தருகிற இன்னொரு ஆன்டிபாடி மறுபக்கமுமாக டிஎஸ்எச்சைக் கைப்பிடித்து வந்து சீட்டில் உட்காரும். நிற்கிறவர்களையெல்லாம் கழுவித் தள்ளிவிட்டு, உட்கார்ந்திருப்பவர்களின் ஒளியை மட்டும் மெஷின் அளக்கும். நான் தின்ற பயோட்டின், ஆளில்லாத வெறும் துண்டு. அது முதலில் போய் பெரும்பாலான சீட்டைப் பிடித்துவிட்டது. டிஎஸ்எச் பெரும்பாலும் நின்றபடியே கழுவப்பட்டுப் போனது. ஒளி குறைவு, அதனால் டிஎஸ்எச் குறைவு என்று ரிப்போர்ட். எஃப்டி4 மாதிரி சின்ன மூலக்கூறை இப்படி இருபுறம் பிடிக்க முடியாது, அதற்குப் போட்டி முறை: ரத்தத்தில் ஹார்மோன் எவ்வளவு அதிகமோ, ஒளி தருகிறவர்களுக்கு அவ்வளவு குறைவாகத்தான் சீட் கிடைக்கும். அதில் ஒளி குறைந்தால் ஹார்மோன் அதிகம் என்று அர்த்தம். இங்கேயும் அதே வெறும் துண்டுதான், இங்கேயும் ஒளி குறைகிறது, ஆனால் ரிப்போர்ட்டில் எண் ஏறுகிறது. ஏற்பி ஆன்டிபாடி பரிசோதனையும் அதே தலைகீழ் கணக்கு. ஒரே தப்பு மூன்று இடத்தில் இரண்டு விதமாக விழுந்து, கச்சிதமாக ஒரு நோயின் உருவத்தைக் கட்டிவிட்டது. கடைசியில் வந்த 3.8-க்கும் இதுதான் விளக்கம். உண்மையில் 40-க்குப் பக்கத்தில் இருந்த டிஎஸ்எச்சில் பத்தில் ஒன்றுதான் மெஷின் கண்ணில் பட்டது.

இது புதுசாகக் கண்டுபிடித்த விஷயம் இல்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல். பரம்பரை வளர்சிதைக் கோளாறுக்காக அதிக அளவு பயோட்டின் கொடுக்கப்பட்ட ஆறு குழந்தைகளுக்கு ரிப்போர்ட் அச்சு அசலாகக் கிரேவ்ஸ் நோய் மாதிரி வந்ததை 2016-லேயே எழுதியிருக்கிறார்கள். 2017-ல் நோயில்லாத ஆறு பேருக்குத் தினம் 10 மில்லிகிராம் வீதம் ஒரு வாரம் கொடுத்துச் சோதித்தார்கள். பயோட்டின் முறையில் இயங்கும் 23 பரிசோதனைகளில் 9 தப்பாகக் காட்டின, அந்த முறையில் இயங்காத 14-ல் ஒன்றுகூடத் தப்பவில்லை. அதே வருஷம் நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரிக்கை விட்டது. அதில் ஒரு மரணமும் சொல்லப்பட்டிருந்தது: அதிக பயோட்டின் சாப்பிட்டவருக்கு ட்ரோபோனின் அளவு பொய்யாகக் குறைத்துக் காட்டப்பட்டது. ட்ரோபோனின் என்பது மாரடைப்பைக் காட்டிக்கொடுக்கிற இதயப் புரதம். அதற்கும் பல மெஷின்களில் இதே இருபுறம் பிடிக்கும் முறைதான். ஆகவே நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரிக்கு ஓடும்போதும், கூடப் போகிறவர் இந்த மாத்திரையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அங்கே மாத்திரையை நிறுத்திவிட்டு, அது ரத்தத்தை விட்டுப் போக மூன்று நாள் காத்திருக்க முடியாது. இரும்புச் சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பாராதைராய்டு ஹார்மோன், ஆண்களுக்கு புராஸ்டேட் சுரப்பிக்காகப் பார்க்கும் பிஎஸ்ஏ, ரத்தத்தில் பார்க்கும் கர்ப்பப் பரிசோதனை இவையெல்லாம் குறைத்துக் காட்டக்கூடியவை. வைட்டமின் டி, கார்டிசால், டெஸ்டோஸ்டிரோன் கூட்டிக் காட்டக்கூடியவை. சர்க்கரை, கிரியாட்டினின், கொலஸ்ட்ரால், ரத்த அணு எண்ணிக்கை இந்த வலையில் சிக்காது. அதனால்தான் என் கொலஸ்ட்ரால் உண்மையைப் பேசியது.

இனி செய்ய வேண்டியது. தைராய்டு பரிசோதனைக்குக் குறைந்தது 2 நாள் முன்பே பயோட்டினை நிறுத்தச் சொல்கிறது அமெரிக்கத் தைராய்டு சங்கம். நான் 3 நாள் என்றே எல்லோருக்கும் சொல்கிறேன். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கும், நூறு இருநூறு மில்லிகிராம் என்று மிக அதிகமாகச் சாப்பிடுகிறவர்களுக்கும் இன்னும் கூடுதல் நாள் வேண்டும். டாக்டர் ஒரு நோய்க்காகவே எழுதிக் கொடுத்த பயோட்டின் என்றால் நீங்களாக நிறுத்தக் கூடாது, கேட்டுத்தான் செய்ய வேண்டும். ரிப்போர்ட்டில் பரிசோதனைப் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் முறை போட்டிருக்கும்: ஈசிஎல்ஐஏ, சிஎல்ஐஏ, சிஎம்ஐஏ என்று. அந்தப் பெயரை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. மெஷினில் போடுகிற பரிசோதனைப் பொருள்களின் பெட்டியைக் கிட் என்பார்கள். "இந்தக் கிட் ஸ்ட்ரெப்டாவிடின் முறையா, எத்தனை நானோகிராம் பயோட்டின் வரை தாங்கும்?" என்று லேபில் கேளுங்கள், கிட்டோடு வரும் தாளில் அது அச்சாகியிருக்கும். மில்லிலிட்டருக்கு 30 நானோகிராமிலேயே தடுமாறிய பழைய கிட்டுகளும் உண்டு, 1,200 வரை தாங்கும்படி மாற்றிய புதியவையும் உண்டு. இரண்டாவது லேபில் பார்ப்பதென்றால் வேறு முறையில் இயங்கும் மெஷினாகப் பார்த்துப் போங்கள். நான் போன இரண்டு லேபிலும் ஒரே முறை மெஷின். இரண்டு ரிப்போர்ட்டும் ஒத்துப்போனதில் ஆச்சரியமே இல்லை, இரண்டாவது லேபில் கட்டிய 900 ரூபாய் தண்டம். எண்ணும் உடம்பும் ஒத்துப்போகாவிட்டால், லேபில் அதே சாம்பிளை நீர்த்துப் பார்க்கலாம், அல்லது ஸ்ட்ரெப்டாவிடின் மணிகளைப் போட்டு பயோட்டினை உறிஞ்சி எடுத்துவிட்டு மறுபடி ஓட்டலாம். டாக்டர் கேட்டால் பெரிய லேபில் செய்வார்கள்.

மாணவி சொன்னதை டாக்டரிடம் போய்ச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் ரிப்போர்ட்டுகளைப் புரட்டிவிட்டு, கார்பிமசோலை அன்றைக்கே நிறுத்தினார். பயோட்டினையும் நிறுத்தி மூன்று நாள் கழித்து ஒரே குத்தலில் இரண்டு குழாய் ரத்தம், இரண்டு வேறு முறைகளுக்கு. டிஎஸ்எச் 44, 42. ஏற்பி ஆன்டிபாடி நெகட்டிவ். அதற்கு முன்னால் ஆன செலவைக் கூட்டினேன்: டாக்டர் ஃபீஸ் 3,000, தைராய்டு பரிசோதனைகள் 4,150, ஆன்டிபாடி 3,600, எம்ஆர்ஐ 7,500, கார்பிமசோல் 1,200, பயோட்டினும் கம்மியும் 4,800. மொத்தம் 24,250 ரூபாய். லீவு, ஆட்டோ, தூங்காத ராத்திரிகள் தனி. அக்டோபரில் டிஎஸ்எச் 2.1. வகிட்டு ஓரத்தில் குட்டை முடி முளைத்து நின்றது.

மிச்சமிருந்த மாத்திரையை வீணாக்கவில்லை. ஒன்றைப் பொடித்து 100 மில்லி தண்ணீரில் கரைத்து வடிகட்டினால் மில்லிக்கு 100 மைக்ரோகிராம். அதில் 5 மைக்ரோலிட்டரை 1 மில்லி சீரத்தில், அதாவது ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரில், விட்டால் 500 நானோகிராம், என் ரத்தத்தில் இருந்திருக்கக்கூடியதைவிடக் கொஞ்சம் தாராளமாகவே. டிஎஸ்எச் எலைசா தட்டில், ஸ்ட்ரெப்டாவிடின் பூசிய வகை, அதே சீரத்தைப் பயோட்டின் கலந்தும் கலக்காமலும் பக்கத்துப் பக்கத்துக் குழிகளில் 50 மைக்ரோலிட்டர் வீதம் விடும்படி மாணவிகளிடம் சொன்னேன். ஒரு மணி நேரம் வைத்துக் கழுவி, நிறமியை ஊற்றிக் கால் மணி நேரம் கழித்து அமிலம் விட்டால் ஒரு குழி நல்ல மஞ்சள், பக்கத்துக் குழி பழைய சோற்றுத் தண்ணி மாதிரி வெளிறிக் கிடந்தது. இப்போது இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இது நாலாவது பிராக்டிகல். மெடிக்கல் அண்ணாச்சியிடமும் விஷயத்தைச் சொன்னேன். அவர் பேசாமல் கேட்டுவிட்டு, ஸ்கெட்ச் பேனா எடுத்து அந்த மாத்திரை அட்டைப்பெட்டியின் மேல் "ரத்தம் கொடுக்க 3 நாள் முன்னாடி நிறுத்தணும்" என்று எழுதி, திரும்ப அதே தட்டில் வைத்தார்.